குறியீட்டில் இல்லாத கடல்: ராமநாதபுரம் கரையில் சமூக ஆய்வும் வளர்ச்சிக் கொள்கையும்

2018 ஜனவரியில் மத்திய அரசு நாடெங்கும் நூற்றுக்கும் மேற்பட்ட பின்தங்கிய மாவட்டங்களைத் தேர்ந்தெடுத்து ‘முன்னேற விழையும் மாவட்டங்கள்’ என்று பெயரிட்டது. தமிழ்நாட்டில் இரண்டு: விருதுநகர், ராமநாதபுரம். ஒவ்வொரு மாவட்டத்தையும் 49 குறியீடுகளால் அளந்து தரவரிசை போடுகிறார்கள். உடல்நலம், ஊட்டச்சத்துக்கு 30 விழுக்காடு, கல்விக்கு 30, வேளாண்மை, நீர்வளத்துக்கு 20, நிதிச் சேவை, திறன் பயிற்சிக்கு 10, அடிப்படைக் கட்டமைப்புக்கு 10. வேளாண்மைப் பகுதியில் மண்வள அட்டை இருக்கிறது, சான்று பெற்ற விதை இருக்கிறது, சொட்டுநீர்ப் பாசனம் இருக்கிறது, மாடுகளுக்குச் செயற்கைக் கருவூட்டலும் தடுப்பூசியும்கூட இருக்கின்றன. கடலில் பிடிக்கும் மீனுக்கு ஒரு வரிகூட இல்லை.

ராமநாதபுரம் மாவட்டத்தின் கடற்கரை ஏறக்குறைய 237 கிலோமீட்டர். தமிழ்நாட்டுக் கடற்கரையின் மொத்த நீளம் 1,076 கிலோமீட்டர் என்பது பழைய கணக்கு; அதில் ஐந்தில் ஒரு பங்குக்கும் அதிகம் இந்த ஒரு மாவட்டத்தில். தொண்டி, தேவிபட்டினம் பக்கம் வடகடல், அதாவது பாக் நீரிணை. பாம்பனிலிருந்து கீழக்கரை, ஏர்வாடி, வாலிநோக்கம், மூக்கையூர் என்று நீள்வது தென்கடல், அதாவது மன்னார் வளைகுடா. இரண்டு கடலுக்கும் காற்று வேறு, ஆழம் வேறு, வலை வேறு. சத்தீஸ்கரின் காட்டு மாவட்டமான பஸ்தரையும் இந்தக் கரையையும் ஒரே அளவுகோலால் அளக்க முனைந்தவர்களுக்குக் கெட்ட எண்ணம் இருந்திருக்க வேண்டியதில்லை. ஆனால், தரவரிசை வரப்போகிறது என்று தெரிந்த மாவட்ட நிர்வாகம் எதை முடுக்கிவிடும்? மண்வள அட்டையைத்தான். அளக்கப்படுவது கவனம் பெறும். அளக்கப்படாதது மனு எழுதும்.

வளர்ச்சித் திட்டம் ஒன்று வரும்போது அது யாருக்கு என்ன செய்யும், யாரிடமிருந்து எதை எடுக்கும், அந்த ஊரில் ஏற்கெனவே உள்ள உறவுகளும் கடனும் சாதியும் ஆண், பெண் வேலைப் பிரிவினையும் அதை எப்படி வளைக்கும் என்று முன்கூட்டியே கேட்டுப் பார்ப்பதற்குத்தான் சமூக ஆய்வு என்று பெயர். உலக வங்கிக்கே இது நெடுநாள் தெரியாத விஷயம். அணை கட்டப் பொறியாளர் இருந்தார், வரவு செலவு பார்க்கப் பொருளாதார அறிஞர் இருந்தார்; சமூகவியலாளர் ஒருவரை அந்த வங்கி முதன்முதலில் வேலைக்கு எடுத்தது 1974இல். அவர் மைக்கேல் செர்னியா, ருமேனியாவிலிருந்து வந்தவர். திட்டங்களால் இடம்பெயர்க்கப்பட்டவர்களின் நிலைமையை அவரும் அவரது சகாக்களும் தொடர்ந்து எழுப்பியதால்தான் மறுகுடியமர்வுக் கொள்கை என்ற ஒன்று அந்த நிறுவனத்தில் உருவானது.

இன்னொருவர் பிரிட்டனைச் சேர்ந்த வளர்ச்சி ஆய்வாளர் ராபர்ட் சேம்பர்ஸ். 1970களில் வட ஆர்க்காட்டில் ஆய்வு செய்தவர். வறுமையைப் பார்க்க வரும் அதிகாரிகளும் ஆய்வாளர்களும் தார்ச்சாலையை விட்டு இறங்குவதில்லை, மழைக்காலத்தில் வருவதில்லை, ஊர்ப் பெரியவர்களை விட்டு வேறு யாரிடமும் பேசுவதில்லை என்று அவர் பட்டியலே போட்டார். அந்தப் பட்டியலை நம் கரைக்குக் கொண்டுவந்தால் இன்னும் சிலவற்றைச் சேர்க்க வேண்டும். ராமேசுவரத்தில் விசைப்படகுகள் கடலுக்குப் போவது திங்கள், புதன், சனி. மற்ற நான்கு நாட்கள் நாட்டுப்படகுகளுக்கு. வடகடலில் இரு தரப்புக்கும் இடையே நடந்த மோதல்களுக்குப் பிறகு நிலைபெற்ற ஏற்பாடு இது. எந்தக் கிழமையில் கேள்வித்தாளோடு வருகிறீர்களோ, அதைப் பொறுத்து உங்கள் ‘மாதிரி’ மாறிவிடும். காலை பத்து மணிக்கு வந்தால் பாசி எடுக்கும் பெண்கள் தண்ணீருக்குள் இருப்பார்கள். வாடைக்காற்றுக் காலத்தில் வந்தால் ஒரு வருமானம், மேற்கிலிருந்து வீசும் கச்சான் காற்றுக் காலத்தில் வந்தால் வேறு வருமானம். இவை எதுவும் குறிக்கப்படாமல் ‘சராசரி மாத வருமானம்’ என்று ஓர் எண் அறிக்கையில் ஏறும். அதை வைத்து ஒரு திட்டமும் வரும்.

எண்பது லட்ச ரூபாய்ப் படகு

அப்படி வந்த திட்டங்களில் பெரியது, கடலடியோடு வலையை இழுத்து மீன் பிடிக்கும் பாக் நீரிணை இழுவைமடிப் படகுகளை, ஆழ்கடலில் சூரை மீன் பிடிக்கும் படகுகளாக மாற்றும் திட்டம். 2017 ஜூலையில் ராமேசுவரத்தில் பிரதமர் தொடங்கிவைத்தார். மூன்று ஆண்டுகளில் 2,000 படகுகள், மதிப்பு 1,600 கோடி ரூபாய். ஒரு படகுக்கு 80 லட்சம்: மத்திய அரசு பாதி, மாநில அரசு 20 விழுக்காடு, வங்கிக் கடன் 20 விழுக்காடு, உரிமையாளர் போட வேண்டியது 10 விழுக்காடு, அதாவது எட்டு லட்சம். பழைய இழுவைமடிப் படகை ஒப்படைத்துவிட்டு, ஆயிரங்கால் தூண்டிலும் (பல கொக்கிகள் கட்டிய நீண்ட தூண்டில் கயிறு) செவுள் வலையும் பூட்டிய புதுப் படகில் வங்காள விரிகுடாவுக்கும் இந்தியப் பெருங்கடலுக்கும் போக வேண்டும். இலங்கை எல்லையைத் தாண்டுவதும் நிற்கும், கடலடியைச் சுரண்டுவதும் நிற்கும். காகிதத்தில் இதைவிட அழகான திட்டம் கிடையாது.

பல ஆண்டுகள் ஆகியும் இரண்டாயிரத்தில் மிகச் சிறு பங்கே கடலில் இறங்கியது. பின்னர் இது பிரதமரின் மத்ஸ்ய சம்பதா திட்டத்துக்குள் சேர்க்கப்பட்டது, படகின் மதிப்பும் உயர்த்தப்பட்டது. மீனவர்கள் மாறத் தயாரில்லை என்று ஒரு பேச்சு எழுந்தது. எனக்கு அந்தப் பேச்சில் உடன்பாடு இல்லை. அறுபதுகளிலும் எழுபதுகளிலும் அரசு ஊக்கம் கொடுத்து இழுவைமடியைக் கொண்டுவந்தபோது, ஏற்றுமதிக்கு இறால் வேண்டும் என்று சொன்னபோது, இதே கரை ஒரு தலைமுறைக்குள் மாறிக் காட்டியது.

அப்போது மாறியவர்கள் இப்போது ஏன் தயங்கினார்கள் என்பதற்கு விடை படகின் பொருளாதாரத்தில் இருக்கிறது. பாக் நீரிணை ஆழமில்லாத கடல். ராமேசுவரம் விசைப்படகு காலையில் கிளம்பினால் மறுநாள் காலை கரையில் இருக்கும். டீசலும் ஐஸும் ஒரு நாள் கணக்கு. பாடு, அதாவது பிடிபட்ட மீன், விற்றதும் செலவு போக மிச்சத்தில் பங்கு; வீட்டுக்குப் பணம் வாரத்தில் மூன்று முறை வரும். அந்தப் பணத்தை நம்பி வட்டியும் மளிகைக் கடனும் ஓடுகின்றன. சூரைப் படகோ பல நாட்கள், சில சமயம் வாரக்கணக்கில் கடலில் நிற்க வேண்டும். டீசலுக்கும் இரைக்கும் ஐஸுக்கும் முன்கூட்டியே லட்சங்களில் போட வேண்டும். அந்த முதலீட்டை யார் தருவார்? இப்போது முன்பணம் தருபவர் இறால், கணவாய் வாங்கும் வியாபாரி. அவர் பணம் அவர் மீனைத்தான் பின்தொடரும். சூரைக்கு வேறு வாங்குபவர், வேறு தரச் சோதனை, வேறு துறைமுகம். திட்டம் படகை மாற்றச் சொன்னது. படகைச் சுற்றியிருந்த கடன் வலையைத் தொடவே இல்லை.

இன்னொன்று எனக்குப் பெரிதாகத் தோன்றுகிறது. மானியம் போவது படகு உரிமையாளருக்கு. படகில் ஏறும் கூலித் தொழிலாளி திட்ட ஆவணத்தில் ஒரு பயனாளியே இல்லை. நான்கைந்து பேர் ஒரு படகில் போகிறார்கள் என்றால் இரண்டாயிரம் படகு என்பது எட்டாயிரம், பத்தாயிரம் குடும்பம். ஒரே இரவில் திரும்பிவிடும் தொழிலாளி இருபது நாள் கடலில் இருக்கச் சம்மதிப்பாரா, அவருக்குத் தூண்டில் தொழில் தெரியுமா, அந்த இருபது நாளும் வீட்டுக்கு யார் கொடுப்பது? இனி கரையில் உள்ளவர்கள். இழுவைமடியில் மேலான மீனோடு சங்காயமும், அதாவது விலை போகாத கழிவு மீனும், வரும். அதைப் பிரிப்பது, உலர்த்துவது, கருவாடாக்கி விற்பது என்று ஒரு வேலை உலகமே இருக்கிறது. அதில் பெண்கள் அதிகம். ஐஸ் பெட்டியில் பதப்படுத்தி நேரே ஏற்றுமதிக்குப் போகும் சூரையில் அவர்களுக்கு வேலை இல்லை. இழுவைமடி நிற்க வேண்டும் என்பதில் எனக்கு ஐயம் கிடையாது. கடலடி அழிவதை நாட்டுப்படகு மீனவர்களே முதலில் சொன்னார்கள்; இலங்கை 2017இல் தன் கடலில் அதைச் சட்டத்தாலேயே தடை செய்தது. நிறுத்துவதன் விலையை யார் கொடுப்பது என்பது விவாதத்துக்கே வரவில்லை.

இதையெல்லாம் கேட்க ஆள் இல்லாமல் போகவில்லை. ஆம்ஸ்டர்டாம் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த மார்டன் பாவிங்க் போன்றவர்கள் சோழமண்டலக் கரையின் ஊர்ப் பஞ்சாயத்துகளைப் பற்றியும் பாக் நீரிணை இழுவைமடிக்காரர்களைப் பற்றியும் திட்டம் வருவதற்கு முன்பே ஆண்டுக்கணக்கில் எழுதியிருந்தார்கள். அவை ஆங்கிலத்தில், பணம் கட்டிப் படிக்க வேண்டிய சஞ்சிகைகளில் கிடந்தன.

பாசிப் பெண்கள் கொண்டுவந்த விதி

எதிர்ப்பக்க உதாரணம் தென்கடலில் இருக்கிறது. மன்னார் வளைகுடாவின் 21 தீவுகளையும் சுற்றியுள்ள 560 சதுர கிலோமீட்டர் பரப்பையும் 1986இல் தேசியப் பூங்காவாக அறிவித்தார்கள். 1989இல் 10,500 சதுர கிலோமீட்டர் உயிர்க்கோளக் காப்பகம் வந்தது. இந்தத் தீவுகளைச் சுற்றியுள்ள பாறைகளில்தான் பாம்பன், சின்னப்பாலம் முதலான ஊர்ப் பெண்கள் தலைமுறைகளாகப் பாசி எடுத்துவருகிறார்கள். மரிக்கொழுந்து, கட்டக்கோரை, கஞ்சிப்பாசி என்று பாசியில் வகைகள். அகர், அல்ஜினேட் என்ற கெட்டியாக்கும் பொருள்களைத் தயாரிக்க ஆலைகள் வாங்கிக்கொள்கின்றன. விரல்களில் துணி சுற்றி, கண்ணாடி மாட்டி, மூச்சடக்கி முங்கி எடுக்கும் வேலை. பூங்கா விதிகள் இறுகிய பிறகு வனத்துறை அவர்களைப் பிடித்தது, பாசியைப் பறித்தது, அபராதம் போட்டது. சட்டத்தின் கண்ணில் அவர்கள் அத்துமீறி நுழைபவர்கள்.

பெண்கள் கூட்டமைப்பாகத் திரண்டு பேச்சுவார்த்தைக்குப் போனபோது, தங்கள் வறுமையை மட்டும் எடுத்துக்கொண்டு போகவில்லை. எப்போது பாசி வளரும், எந்த நீரோட்டத்தில் எது எடுக்கலாம், எதை விட்டுவைத்தால் மறுபடி துளிர்க்கும் என்று அவர்களுக்குத் தெரிந்ததை விதியாக வகுத்துக்கொண்டு போனார்கள். மாதத்தில் 12 நாள்தான் எடுப்போம், அமாவாசையை ஒட்டி ஆறு, பௌர்ணமியை ஒட்டி ஆறு. இரும்புச் சுரண்டியால் பாறையைச் சுரண்ட மாட்டோம், கையால் பறிப்போம். மீன்பிடித் தடைக் காலத்தை ஒட்டி நிறுத்திவைப்போம். அடையாள அட்டையும் கிடைத்தது. சின்னப்பாலத்தைச் சேர்ந்த லட்சுமி மூர்த்தி 2015இல் தீவுகளின் இயற்கையைக் காக்க உழைப்பவர்களுக்கு வழங்கும் சீகாலஜி விருது பெற்றது இந்தப் பணிக்காக. அவர் பள்ளி வாசலைத் தாண்டாதவர் என்று பத்திரிகைகள் வியந்தன. வியப்பு தேவையில்லாதது. அவரிடம் இருந்தது துறைசார் அறிவு.

இதைச் சமூக ஆய்வு என்று யாரும் பெயர் வைக்கவில்லை. தொண்டு நிறுவனங்களும் ஆய்வாளர்களும் உடனிருந்து உதவியிருக்கிறார்கள். ஆனால், நல்ல ஆய்வு செய்ய வேண்டிய எல்லாமே அதில் இருக்கிறது: யார் பயன்படுத்துகிறார்கள், எத்தனை நாள், எந்தக் கருவி, வருமானம் எங்கிருந்து வருகிறது, எந்தக் கட்டுப்பாடு அவர்களால் தாங்கக்கூடியது. வனத்துறை அதிகாரிக்கும் அது பயன்பட்டது. ‘இவர்கள் ஏழைகள், விட்டுவிடுங்கள்’ என்ற மனுவின் மேல் அவரால் எதுவும் எழுத முடியாது. ‘மாதம் 12 நாள், கையால் மட்டும்’ என்பதன் மேல் எழுத முடியும். சிக்கல் தீர்ந்துவிட்டது என்று சொல்ல மாட்டேன். சட்டப்படி பூங்காவுக்குள் அவர்களுக்கு இன்றும் உரிமை எழுதப்படவில்லை. நடைமுறை இசைவு அதிகாரி மாறினால் மாறலாம்.

கடல் அட்டைக்கு யார் பேசினார்கள்?

2001 ஜூலையில் மத்திய சுற்றுச்சூழல் அமைச்சகம் ஒரு பெரிய பட்டியலை வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் சேர்த்தது. புலிக்கு உள்ள அதே பாதுகாப்பு. அதில் சுறா, திருக்கை இனங்கள் அனைத்தும் இருந்தன. கடல் வெள்ளரி என்றும் சொல்லப்படும் கடல் அட்டை இனங்கள் அனைத்தும் இருந்தன. சுறாப் பிடிப்பவர்கள் குஜராத்திலிருந்து தமிழ்நாடு வரை, பெரிய படகுகளிலும் ஏற்றுமதியிலும் இருந்தார்கள். கூச்சல் எழுந்தது. அதே ஆண்டு டிசம்பரில் சுறாத் தடை பத்து இனங்களுக்குச் சுருக்கப்பட்டது. கடல் அட்டை அப்படியே நின்றது, இன்றும் நிற்கிறது. கடல் அட்டைத் தொழில் பெரும்பாலும் மன்னார் வளைகுடா, பாக் நீரிணைக் கரையோடு முடிந்துவிட்டது. செய்தவர்கள் முங்கி எடுப்பவர்களும் வத்தை என்ற சிறு படகு வைத்திருப்பவர்களும் அவித்து உலர்த்தும் சிறு வியாபாரிகளும்.

அட்டை வளம் குறைந்திருந்தது உண்மைதான். அளவுக் கட்டுப்பாடு, பருவத் தடை, எண்ணிக்கை வரம்பு என்று இடையில் பல வழிகள் இருந்தன. நேரே முழுத் தடைக்குப் போனார்கள். அதே விலங்கு, அதே நீர். எல்லைக்கு அப்பால் இலங்கையில் உரிமம் பெற்றுப் பிடிக்கிறார்கள், யாழ்ப்பாணக் கரையில் பண்ணை வைக்கிறார்கள். இந்தப் பக்கம் மண்டபம், வேதாளை வட்டாரத்தில் கடத்தல் அட்டை பிடிபட்ட செய்தி அடிக்கடி வருகிறது. வலையில் தானாகச் சிக்கியதற்கும் வழக்குப் பாயும் என்று மீனவர் சங்கங்கள் முறையிட்டுக்கொண்டே இருக்கின்றன. முதல் அட்டவணைக் குற்றத்துக்கு மூன்று முதல் ஏழு ஆண்டு சிறை. தடை வருமுன் ஒரு சமூக ஆய்வு நடந்திருந்தால் தடையே வந்திருக்காது என்று சொல்ல முடியாது. ஆனால், சட்டப்படி செய்தவன் விலகி, சட்டத்துக்கு அஞ்சாதவன் உள்ளே வருவான் என்பதை யாராவது ஒரு பக்கத்தில் எழுதியிருப்பார்கள்.

சட்டத்தில் உள்ள ஓட்டை

2013ஆம் ஆண்டின் நில எடுப்புச் சட்டம் சமூகத் தாக்க மதிப்பீட்டைக் கட்டாயமாக்கியது. பெரிய முன்னேற்றம். ஆனால், தமிழ்நாடு தன் தொழில் நில எடுப்புச் சட்டம், நெடுஞ்சாலைச் சட்டம், ஆதிதிராவிடர் நல நில எடுப்புச் சட்டம் ஆகிய மூன்றையும் 105-அ என்ற பிரிவின் மூலம் அதிலிருந்து விலக்கி வைத்தது. உயர் நீதிமன்றம் 2019இல் அதைச் செல்லாது என்றது. மாநில அரசு அந்தச் சட்டங்களைப் புதிய சட்டம் ஒன்றால் மீட்டது. 2021இல் உச்ச நீதிமன்றம் அதை ஏற்றது. ஆக, இந்த மூன்று சட்டங்களின் கீழ் நடக்கும் நில எடுப்புக்குச் சமூகத் தாக்க மதிப்பீடு தேவைப்படுவதில்லை.

அது முழுமையாக இருந்தாலும் கரைக்கு அரைகுறைதான் பயன்பட்டிருக்கும். மீனவன் இழப்பது பெரும்பாலும் பட்டா நிலம் கிடையாது. வலை உலர்த்தும் மணல், படகு ஏற்றும் இடம், கருவாடு காயும் மேடு, கடலுக்கு இறங்கும் வழி, பாசிப் பாறை. வருவாய்ப் பதிவேட்டில் இவை புறம்போக்கு, அல்லது எதுவுமே இல்லை. இதற்கு ஒரே பிடிமானம் கடற்கரை ஒழுங்காற்று மண்டல அறிவிக்கை. 2011 அறிவிக்கையும் 2019 அறிவிக்கையும் மீனவ ஊர்கள், மீனவர்களின் பொதுச் சொத்துகள், இறங்குதளங்கள், மீன் உலர்த்தும் இடங்கள் ஆகியவற்றைக் கரை மேலாண்மைத் திட்ட வரைபடங்களில் காட்ட வேண்டும் என்கின்றன. காட்டப்படாத ஊர், சட்டப்படி காலி இடம். கரையோர ஊர் ஒவ்வொன்றும் தன் வரைபடத்தைத் தானே போட்டு, கிராம சபைத் தீர்மானத்தோடு மாவட்டக் கரையோர மண்டலக் குழுவிடம் தருவதைவிடப் பயனுள்ள சமூக ஆய்வு எனக்குத் தெரியவில்லை. பல்கலைக்கழகம் தேவையில்லை, நான்கு பெரியவர்கள், நான்கு பெண்கள், கைப்பேசியில் இருப்பிடம் குறிக்கத் தெரிந்த இரண்டு இளைஞர்கள் போதும்.

கொள்கையை அசைக்க நினைக்கும் ஆய்வாளர்களுக்குக் காலண்டர் தெரிந்திருக்க வேண்டும். தமிழ்நாட்டில் மீன்வளத் துறையின் புதிய அறிவிப்புகள் பெரும்பாலும் சட்டமன்றத்தில் அந்தத் துறையின் மானியக் கோரிக்கை வரும்போது வெளியாகின்றன. அதற்குச் சில மாதங்களுக்கு முன் துறைச் செயலகத்தில் இரண்டு பக்கக் குறிப்பாக இருந்தால் அறிவிப்பில் ஒரு வரி மாறலாம். அறிவிப்பு வந்த பிறகு இருநூறு பக்கமாக வந்தால் அலமாரிக்குப் போகும். ஆட்சியர் அலுவலகத்தில் நடக்கும் மீனவர் குறைதீர் கூட்டத்தில் தரும் மனுவும் அப்படித்தான்: ‘வாழ்வாதாரம் பாதிக்கப்படுகிறது’ என்றால் உரிய நடவடிக்கை எடுக்கப்படும் என்று பதில் வரும், எந்த அரசாணையின் எந்தப் பத்தி, எந்த ஊரில் எத்தனை குடும்பத்தை விட்டுவிட்டது என்றால் கோப்பு நகர்ந்தே ஆக வேண்டும். பரிந்துரைப் பகுதியில் ‘மக்களிடையே விழிப்புணர்வு ஏற்படுத்த வேண்டும்’ என்று எழுதும் வழக்கத்தை நம் ஆய்வாளர்கள் நிறுத்திக்கொண்டால் நல்லது. விழிப்புணர்வு மக்களுக்குக் குறையவில்லை.

இப்போது திருவாடானைப் பக்கம் வளமாவூரில் 127 கோடி ரூபாய்க்கும் அதிகமான மதிப்பில் பல்நோக்குக் கடற்பாசிப் பூங்கா வருகிறது. 2023 செப்டம்பரில் அடிக்கல் நாட்டினார்கள். கரையில் பாசி வளர்ப்புக்கு ஏற்கெனவே ஒரு வரலாறு உண்டு. 2000களின் தொடக்கத்தில் பெப்சி நிறுவனம் மண்டபம் பக்கம் கப்பாபைக்கஸ் என்ற வெளிநாட்டுப் பாசியை மூங்கில் மிதவைகளில் வணிகமாக வளர்க்கத் தொடங்கியது. சுய உதவிக் குழுப் பெண்கள் பலருக்குக் கையில் காசு வந்தது. 2008இல் குருசடைத் தீவின் பவளத்தின் மேல் அது படர்ந்திருப்பதை ஆய்வாளர்கள் பதிவு செய்தார்கள். சில ஆண்டுகளில் வெப்பத்தாலும் நோயாலும் பயிர் மொத்தமாக மடிந்தபோது இழப்பு மிதவை வைத்திருந்தவர்கள் தலையில் விழுந்தது. வாங்கும் நிறுவனத்துக்கு அது வரத்துக் குறைவு மட்டுமே.

ஆகவே, பூங்கா முழுவதுமாக எழுவதற்குள் கேட்டுத் தீர்க்க வேண்டியவை இருக்கின்றன. மிதவை கட்டும் ஆழமற்ற நீர் இப்போது யார் வலை விரிக்கும் இடம்? இயற்கைப் பாசி எடுக்கும் பெண்ணும் வளர்ப்புப் பாசி வைக்கும் பெண்ணும் ஒருவரே என்று திட்டம் நினைக்கிறதா? முன்னவருக்குப் பணம் முதலீடு இல்லை, உடல்தான் முதலீடு; பின்னவருக்குக் குழுக் கடன் வேண்டும், குழுவில் இடம் வேண்டும், அந்த இடம் ஊரில் யாருக்குக் கிடைக்கிறது என்பதற்குச் சாதியும் உறவும் விடை சொல்லும். பயிர் மடிந்தால் காப்பீடு யார் பெயரில்? கொள்முதல் விலை வீழ்ந்தால் குறைந்தபட்ச விலை உண்டா? இவற்றுக்கு வளமாவூரிலும் தொண்டியிலும் பாம்பனிலும் வெவ்வேறு விடைகள் கிடைக்கும்; மானிய விண்ணப்பத்தில் இப்போதைக்கு ஒரே கட்டம்தான் இருக்கிறது: பயனாளியின் பெயர்.